தார் பாலைவனத்துக்கு ஒரு சாதாரண கார்: சேலம் பட்டறையில் செய்த வேலைகள்

பாலைவன ரோடு என்றாலே நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டிதான் வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது தேவையில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்து மண் ரோடுகளில் சாதாரண ஹேட்ச்பேக் கார் போய்வரும். அதற்காக வண்டியைத் தூக்கி உயர்த்த வேண்டாம், பெரிய சக்கரம் மாட்ட வேண்டாம். இறுக்க வேண்டியதை இறுக்கி, அடைக்க வேண்டியதை அடைத்து, டயர் காற்றை எப்போது எவ்வளவு இறக்குவது என்று தெரிந்துகொண்டால் போதும். எங்கள் வண்டிக்குச் சேலத்தில் என்னென்ன செய்தோம், ஏற்காட்டில் எப்படிச் சோதித்தோம், அங்கே போனபின் எது கைகொடுத்தது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். போக நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

வண்டி, இரண்டாம் தலைமுறை பெட்ரோல் ஸ்விஃப்ட். இருப்பதிலேயே கீழ் மாடல். அலாய் வீல் கிடையாது, இரும்பு ரிம். டயர் 165/80 ஆர்14. கரடுமுரடான ரோட்டுக்கு இதுதான் நல்லது. மேல் மாடலில் வரும் 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ. உயரம். இதில் 132 மி.மீ. அந்த 12 மி.மீ. ரப்பர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் கூடுதலாக நிற்கிறது. இரும்பு ரிம் அடிபட்டால் நெளியும். சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு அடுத்த ஊர் போய்விடலாம். அலாய் விரிசல் விட்டால் ஸ்டெப்னிதான் கதி.

எனக்கு முதலில் தைரியம் கொடுத்தவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டி டிரைவர் ஒருவர். போர்வெல் போடும் அந்த லாரிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. இவர் ராஜஸ்தானில் நிறைய ஓட்டியவர். "உங்க வண்டி வெயிட்டே இல்லைங்க. காத்தைக் குறைச்சுக்கிட்டு நிதானமாப் போனீங்கன்னா தாண்டிரும். டயரு சுத்த ஆரம்பிச்சா மட்டும் காலை எடுத்துருங்க. அதுக்கு மேல மிதிச்சா வண்டி வயிறு மணல்ல உக்காந்துரும்" என்றார். பிறகு நான் படித்தது, கேட்டது எல்லாமே இந்த நாலு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

அடிப்பாகம்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் வண்டியை விட்டேன். "புதுசா எதையும் மாட்ட வேண்டாம் தம்பி. இருக்கறது கழண்டு விழாம இருக்குமான்னு மொதல்ல பார்ப்போம்" என்றுதான் ஆரம்பித்தார்.

வண்டியைத் தூக்கி முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அதில் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட்டோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் டை ராடு முனை. லோயர் ஆர்ம் புஷ்களை நெம்புகோல் வைத்து நெம்பியதில் இடது பக்க ரப்பர் வெடித்திருந்தது தெரிந்தது. இரண்டு பக்கமும் மாற்றினோம். லிங்க் ராடு இரண்டும் புதிது போட்டோம். விலை அதிகமில்லாத சாமான், ஆனால் மேடு பள்ளத்தில் முதலில் 'டொக் டொக்' என்று சத்தம் போடுவது அதுதான்.

ஆக்சிலின் இரு முனையிலும் இருக்கும் பூட் ரப்பரை விரலால் மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் கீறல் தெரியாது. அதற்குள் கிரீஸ் இருக்கிறது. மெல்லிய கீறல் வழியாக மணல் உள்ளே போனால் கிரீஸோடு சேர்ந்து ஜாயிண்ட்டையே அரைத்துவிடும். ஊருக்குள் ஓட்டும் வண்டியில் அது சில மாதம் தாங்கும். பாலைவனத்தில் அவ்வளவு தாங்காது.

அப்புறம் நெயில் பாலிஷ். இந்த ஒரு வேலையை எந்தப் பயணத்துக்குப் போகிறவர்களும் செய்யலாம். ஒவ்வொரு முக்கிய நட்டையும் சரியான அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் பானா) முறுக்கியபின், நட்டின் மேல் தொடங்கி அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் ஒரே கோடாக நெயில் பாலிஷ் இழுத்துவிட வேண்டும். நட்டு கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்து இரண்டு துண்டாக நிற்கும். லோயர் ஆர்ம் போல்ட்டு, ஷாக் அப்சார்பர் போல்ட்டு, எஞ்சின் மவுண்ட், பேட்டரி கிளாம்ப், சைலன்சர் மேலே இருக்கும் தகரத்தின் போல்ட்டு எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. சாயங்காலம் டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்தால் போதும், எல்லா நட்டையும் மறுபடி பானா போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி வண்டியை உயர்த்திக் கொள்ளும்படி ஒரு கடையில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது சுருளின் ஒரு பகுதியை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் சுருள்கள்தான் முழு அதிர்ச்சியையும் வாங்க வேண்டும். வண்டி நிற்கும்போது உயரம் கூடியது போலத் தெரியும். ரோட்டில் ஸ்பிரிங் விறைப்பாகி அடி நேராக மேலே போகும். உயரம் வேண்டுமென்றால் சாமானைக் குறையுங்கள். எங்கள் வண்டியில் சம்ப் (எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) அடியில் நான் டேப் வைத்து அளந்தது காலியாக இருக்கும்போது 17 செ.மீ.; ஆளும் சாமானும் ஏறியபின் 14. மூன்று செ.மீ. போவது சுமையால்தான். அதனால் மேலே கேரியர் போடவில்லை, கனமான பெட்டிகள் எடுக்கவில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, பின்பக்கம் இரண்டையும் மாற்றினோம்.

சம்ப் கார்டு

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தட்டு சேறு படாமல் தடுக்கும். கல் படாமல் தடுக்காது. இரும்பாலை இருக்கும் ஊரில் தகட்டுக்குப் பஞ்சமா, நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அட்டையில் முதலில் அச்சு வெட்டி, வண்டிக்கு அடியில் பிடித்துப் பார்த்துத் திருத்தி, 70 செ.மீ.க்கு 55 செ.மீ. என்று அளவு வந்தது. 3 மி.மீ. இரும்புத் தகட்டில் அது ஒன்பது கிலோ. 2 மி.மீ. என்றால் ஆறு கிலோ. இந்த மாதிரிச் சின்ன வண்டிக்கு மூக்கில் ஒன்பது கிலோ தேவையில்லை என்று 2 மி.மீ. எடுத்து, வளையாமல் இருக்க இரண்டு பட்டையைப் பற்ற வைத்தோம்.

பட்டையை முன்னும் பின்னுமாக, வண்டி ஓடும் திசையிலேயே வைக்க வேண்டும். குறுக்காக வைத்தால் கல்லில் மாட்டி நிற்கும். நீளவாக்கில் இருந்தால் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். முன் ஓரத்தை மேல்நோக்கி வளைத்தோம். தகடு சப்ஃபிரேமில் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டம்) ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில்தான் உட்காருகிறது. சம்ப்பையும் தொடாது, முன் பம்பர் இரும்பையும் தொடாது. மோதலில் மடங்க வேண்டிய இடம் மடங்கித்தான் ஆக வேண்டும், அதைத் தகடு முட்டுக்கொடுத்துத் தடுத்துவிடக் கூடாது. போல்ட்டு தலைகள் பட்டையின் உயரத்துக்குள் மறைந்திருக்கும்படி வைத்தோம். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர், சத்தம் வராது. ஆயில் இறக்க ஒரு ஓட்டை, சூடு வெளியேறப் பின்பக்கம் பார்த்த மாதிரி நீள வெட்டுகள். பற்றவைப்புக் கூலியும் சேர்த்து, கடையில் இறக்குமதித் தகட்டுக்குச் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை.

தூசி

தூசி எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கச் சேலத்தைவிட நல்ல ஊர் கிடையாது. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் மண் கிடக்கும் தடங்களில், முன்னால் போகும் லாரியின் தூசிக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓட்டினேன். டிக்கிக்குள் கறுப்புத் துணி விரித்து வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் இடது மூலையில் விசிறி மாதிரி வெள்ளை படிந்திருந்தது. அந்த இடத்தில் டிக்கி ரப்பர் தட்டையாகிப் போயிருந்தது. ரப்பரை மாற்றி, வயர் உள்ளே போகும் ஓட்டையின் மூடியையும் சரியாக அழுத்திவிட்டு மறுபடி ஓட்டியபோது துணி கறுப்பாகவே இருந்தது.

ஓட்டும்போது ஒரு முறை உண்டு. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, ஃபேனை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்தால் காருக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடி, இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. எதிரே வண்டி வந்து தூசி மூடும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் உள்காற்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காகித ஏர் ஃபில்டர் ஒன்று உபரியாக எடுத்துக்கொண்டோம். பழையதைத் தட்டிச் சுத்தம் செய்யலாம். காற்று அடிப்பதென்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும். மாற்றி அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

காற்று

மற்ற எல்லாம் ஒருபக்கம், இது ஒருபக்கம். மணலில் கார் போகுமா நிற்குமா என்பதை எஞ்சினை விடவும் டயர் காற்றுதான் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. ஆளும் சாமானும் ஏறிய எங்கள் வண்டியில் ஒவ்வொரு முன்சக்கரத்தின் மேலும் ஏறக்குறைய 350 கிலோ நிற்கிறது. டயர் காற்றழுத்தத்தை அளக்கும் கணக்கில் 33 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர செ.மீ.க்கு 2.3 கிலோ. ஆக அந்தச் சக்கரம் தரையில் பதியும் பரப்பு 150 சதுர செ.மீ. அளவு. 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதே எடைக்கு 275 சதுர செ.மீ. வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடத்தில் எடை பரவுவதால் சக்கரம் மணலில் இறங்காமல் மேலேயே நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வீட்டு வாசலில் செய்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, முன் டயரைச் சுற்றிக் கோலமாவைத் தூவி, ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மெல்லத் தூக்கினால் மாவு விழாத இடம் அச்சாகத் தெரியும். 33இல் அச்சின் நீளம் 13 செ.மீ. 18இல் 21 செ.மீ. அகலம் பெரிதாக மாறவே இல்லை. காற்றை இறக்கினால் டயர் அகலமாகிறது என்று எல்லோரும் சொல்வோம். உண்மையில் தடம் நீளமாகிறது. அகலம் கூடினால் முன்னால் தள்ள வேண்டிய மணலும் கூடும். நீளம் கூடினால் அந்தக் கஷ்டம் இல்லை. அதனால்தான் ஒல்லியான டயர் வைத்த சின்ன கார்களும் மணலில் சமாளிக்கின்றன.

நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகள்: தார் ரோட்டில் 33, சரளைக்கல் ரோட்டில் 26, குறுக்கே வரி விழுந்த ரோட்டில் 24, மணலில் 18. மாட்டிக்கொண்டால் மட்டும் 15. அதற்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இறக்கிய காற்றோடு தார் ரோட்டில் வேகம் எடுக்கவே கூடாது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகி, டயர் வெடிக்கும் வரை போகும். சூட்டைப் பற்றி இன்னொன்று: 10 டிகிரி வெப்பம் கூடினால் காற்றழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ போல ஏறும். மத்தியானம் அளந்துவிட்டு, கூடுதலாக இருக்கிறதே என்று இறக்கக் கூடாது. மறுநாள் விடியற்காலைக் குளிரில் அளவு கீழே போயிருக்கும். அளப்பது எப்போதும் வண்டி எடுக்கும் முன், குளிர்ந்த டயரில்.

ஏற்றுவதற்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று. 18இலிருந்து 33 வர ஒரு டயருக்கு ஐந்தாறு நிமிடம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு டயருக்கு ஒருமுறை அது ஆற வேண்டும். தரையில் வைத்தால் மணலை உறிஞ்சிக்கொள்ளும், மிதியடி மேல் வைக்க வேண்டும். பஞ்சருக்குத் திரி கிட். பக்கச்சுவர் கிழிந்தால் திரி நிற்காது என்பதால் அதே அளவுக்கு ஒரு டியூபும் எடுத்தோம். நம் ஏரிக்கரைகளில் நிற்கும் சீமைக்கருவேலம் அங்கேயும் ரோட்டோரம் முழுக்க நிற்கிறது, முள்ளும் அதே முள்தான்.

மலையில் சோதனை

ஏற்காட்டில் மணல் இல்லை. ஆனால் வண்டியில் எது ஆடுகிறது என்று மலையைப் போலச் சொல்வது வேறில்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஏசியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது கியரிலேயே போனோம். எஞ்சின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி மொபைலில் கூலண்ட் வெப்பத்தைப் பார்த்தபடி மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நூறைத் தாண்டவில்லை, ஃபேன் ஓட ஆரம்பித்ததும் இறங்கியது. தகடு மாட்டியதால் எஞ்சின் சூடாகுமோ என்ற கவலை அதோடு போயிற்று.

மேலே காபித் தோட்டத்துக்குள் தெரிந்தவர் ஒருவரின் அனுமதியோடு எஸ்டேட் ரோட்டில் இறங்கினோம். சில்வர் ஓக் நிழல், இரண்டு பக்கமும் மிளகுக் கொடி, நடுவில் பாறை துருத்திய தடம். அங்கே பழகியது சக்கரத்தை எங்கே வைப்பது என்பதை. பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டால் அது வயிற்றில் அடிக்கும். கல்லின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றிவிட்டால் வண்டி மொத்தமாக உயர்ந்து தாண்டிவிடும். குறுக்கே வெட்டிய நீர்ப்போக்கை நேராக இறங்காமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறக்க வேண்டும். ஒருவர் இறங்கி முன்னால் நடந்து கை காட்ட வேண்டும். தகட்டில் முதல் கீறல் அங்கேதான் விழுந்தது, பட்டையின் மேல், நீளவாக்கில். குப்பனூர் வழியாக இறங்கி வந்து நெயில் பாலிஷ் கோடுகளைப் பார்த்தபோது பேட்டரி கிளாம்ப் மட்டும் அசைந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கினோம்.

மணல் பழக ஓமலூருக்கு அந்தப் பக்கம், சரபங்கா ஆற்றங்கரையை ஒட்டிய நண்பரின் தோட்டத்து வண்டிப்பாதை. ஆற்று மணல் குருணையானது, பாலைவன மணல் மெல்லியது. இருந்தாலும் முன்சக்கர இழுவை வண்டி மணலில் எப்படி நடந்துகொள்ளும் என்று அங்கே கை பழகியது. ஸ்டியரிங்கை அதிகம் திருப்பினால் முன்சக்கரமே தடையாக நின்றுவிடும். பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும். நிற்க வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் போதும், மணலே நிறுத்திவிடும். புது வண்டிகளில் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தால் மணலில் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தேவையான நேரத்தில் எஞ்சினை அது அடக்கிவிடும்.

அங்கே

சேலத்திலிருந்து ஜெய்சல்மேர் 2,200 கி.மீ.க்கு மேல். பெங்களூர், புனே, அகமதாபாத் வழியாகப் பெரிய ரோடுதான், சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் மட்டும் போங்கள். 2016 மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. அந்தச் சூட்டில் வண்டி நின்றால் விஷயம் வேறு. குளிர்காலத்திலும் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இரண்டு நாள் உபரி என்று வைத்துக்கொண்டோம். மணலில் பெட்ரோல் ஒன்றரை மடங்கு குடிக்கும். 42 லிட்டர் டேங்க் பாதியானதுமே நிரப்பும் வழக்கம் நல்லது. எல்லையை ஒட்டிய தனோட் பக்கம் போகிறவர்கள் ராம்கரிலேயே நிரப்பிவிட வேண்டும். தனோட்டைத் தாண்டி எல்லைத் தூண் வரை போக எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும்.

தனோட்டிலிருந்து லோங்கேவாலா போகும் ரோடு தார் ரோடுதான். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்த இடம் என்பதால் நிறையப் பேர் வருகிறார்கள், வேகமாகவும் வருகிறார்கள். அங்கே ஆபத்து மணல் நாக்குகள். காற்று அடித்து ரோட்டின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மணல் நீண்டு கிடக்கும். எண்பதில் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதில் ஏறினால் ஸ்டியரிங்கைப் பிடுங்கும். தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மணல் மேல் போகும்போது பிரேக்கும் இல்லாமல் திருப்பலும் இல்லாமல் நேராகத் தாண்ட வேண்டும். உச்சி வெயிலில் நிழல் விழாததால் அதன் உயரம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டியபின் ஓட்டவே வேண்டாம், ஒட்டகமும் மாடும் ரோட்டில்தான் நிற்கும்.

குரி கிராமத்தைத் தாண்டிய சரளை ரோடுகளில்தான் உண்மையான தொல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படுக்கப் போட்டது போலக் குறுக்கே வரி வரியாக ரோடு. இறங்கி அளந்தேன், முகட்டுக்கு முகடு முக்கால் மீட்டர். 30 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்குப் பதினோரு முறை குதிக்கிறது. கார் சக்கரம் தானாகத் துள்ளும் வேகம் நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து. ஆக 30லிருந்து 40க்குள் ஓட்டுவதுதான் வண்டிக்கு ஆகக் கெடுதல். டேஷ்போர்டு கழன்று மடியில் விழும் போல இருக்கும். உள்ளூர் ஜீப்கள் 70இல் முகடுகளின் மேலேயே பறந்துபோகின்றன. குலுக்கல் குறையும் என்பது உண்மைதான், ஆனால் டயர் பாதி நேரம் தரையில் இல்லாததால் பிரேக்கும் பிடிக்காது, வளைவில் திரும்பவும் திரும்பாது. காருக்கு 24 பிஎஸ்ஐ, 15லிருந்து 20 கி.மீ. வேகம், அவ்வளவுதான். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஷாக் அப்சார்பரைத் தொட்டுப் பார்த்தோம். குலுக்கலையெல்லாம் அது சூடாகத்தான் மாற்றுகிறது; கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே எண்ணெய் வேலை செய்யாது, ஆறவிட வேண்டும்.

இந்த வரிகள் எப்படி விழுகின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ், டொராண்டோ ஆராய்ச்சியாளர்கள் மணல் நிரப்பிய சுழல் மேடையில் சக்கரம் ஓட்டிப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். ஸ்பிரிங் இல்லாத சக்கரம்கூட ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் தட்டையான மணலில் அலையை உண்டாக்கிவிடுகிறது. ஆக மெதுவாகப் போகிறவர் தன் வண்டியை மட்டும் காப்பாற்றவில்லை, அந்த ஊர்க்காரர்களின் ரோட்டையும் காப்பாற்றுகிறார்.

ஓரிடத்தில் ஒட்டக வண்டிக்கு வழிவிட மச்சினன் தடத்தைவிட்டு இறங்கினான். முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. "மாமா, லேசா மிதிச்சா வந்துரும்" என்றான். சாவியை அணைக்கச் சொல்லி இறங்கிப் பார்த்தோம். தகடு இன்னும் மணலைத் தொடவில்லை, அது போதும். ஸ்டியரிங்கை நேராக்கி, முன்சக்கரங்களுக்குப் பின்னால் கையாலும் குட்டை மண்வெட்டியாலும் மணலை வாரிச் சரிவாக்கினோம். காற்றை 15க்கு இறக்கினோம். லீ பஜாரில் வாங்கிய சணல் சாக்குகளை மடித்து, ஓரத்தை டயருக்கு அடியில் அழுத்திச் செருகினோம். ரிவர்ஸ் போட்டு, கிளட்சை இழுக்காமல் மெல்ல விட்டதும் வந்த தடத்திலேயே வண்டி பின்னால் ஏறிவிட்டது. முன்னால் போக முயல்வதைவிட, ஏற்கெனவே இறுகிய சொந்தத் தடத்தில் பின்வாங்குவது எப்போதும் சுலபம். ரிவர்ஸில் சாக்கு முன்னால் பறக்கும், அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஜாக்கி வைக்க ஒரு அடிச் சதுரத்தில் 18 மி.மீ. ப்ளைவுட் எடுத்துப் போயிருந்தோம். அது இல்லாமல் மணலில் ஜாக்கி கீழேதான் போகும், வண்டி மேலே வராது.

காய்ந்த சேவண் புல் முழங்கால் உயரம் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. எஞ்சினுக்குக் கீழே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும்; தகட்டின் மேல் சேர்ந்த புல்லும் பற்றும். நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பார்த்து வாரி எடுத்தோம்.

மணல்மேட்டில் ஏறி விளையாடாதீர்கள். இதை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பகுதியில் 3,162 சதுர கி.மீ. பாலைவன தேசியப் பூங்கா. கானமயில் என்ற பெரிய பறவை மிச்சமிருக்கும் சில இடங்களில் ஒன்று. அது வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும், ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. இருக்கும் தடத்தை விட்டு விலகாமல் போனாலே பாலைவனத்தை நன்றாகப் பார்க்கலாம். நம் வன்னி மரம் அங்கே வயலுக்கு வயல் நிற்கிறது.

சிக்னல் அடிக்கடி போய்விடும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டே கிளம்பினோம். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகக் கூடாது. நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கிறது, தேடுகிறவர்கள் கண்ணிலும் ஆளைவிட வண்டிதான் முதலில் படும்.

திரும்பி வந்தபின்

அடிப்பாகத்தை நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். ரேடியேட்டரை மட்டும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே, மெதுவான அழுத்தத்தில். பின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் மாவு மாதிரி மணல் கொட்டியது. சுத்தம் செய்து, ஷூவில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டினார் அண்ணன். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டும் புதிது. எஞ்சின் ஆயிலை அதன் கணக்கு வரும் முன்பே மாற்றினோம். நெயில் பாலிஷ் கோடுகளில் உடைந்தவை சைலன்சர் தகரத்தின் போல்ட்டும் நம்பர் பிளேட்டும் மட்டும். சஸ்பென்ஷன் கோடு ஒன்றுகூட அசையவில்லை. அலைன்மெண்ட் கொஞ்சம் விலகியிருந்தது, சரிசெய்தாயிற்று.

அடுத்த முறை மாற்றப்போவது இரண்டு. கம்ப்ரஸரைச் சிகரெட் லைட்டர் துளையில் மாட்டாமல் நேராகப் பேட்டரியில் கவ்வும் வகை வாங்கப் போகிறேன். அது வேகமாகவும் ஏற்றும், ஃபியூஸ் போகும் பயமும் இல்லை. சம்ப் தகட்டில் பின்பக்க வெட்டுகளை இன்னும் அகலமாக்க வேண்டும், உள்ளே விழுந்த மணல் தானாகக் கீழே கொட்டிவிடும். அட்டை அச்சைப் பட்டறையிலேயே கொடுத்து வைத்திருக்கிறேன்.